பானெட்டில் புளி

செயலாளர் சார், உங்கள் காரைத் தேய்த்துக் கெடுத்தது நீங்கள்தான். அந்த அக்கா இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிட்டேன் என்று ஆகக் கூடாது. நம் நகர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு 'மறக்க முடியாத மனிதர்' என்று ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என் கடைக்கே வந்து கேட்டீர்கள். நான் கார் சீட் கவர் தைக்கிறவள். ரெக்சின் வெட்டத் தெரியும், கட்டுரை தெரியாது என்றேன். "மனசுல பட்டத அப்படியே எழுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அப்படியே எழுதுகிறேன். குறைக்கக் கூடாது. அச்சடிக்க மாட்டேன் என்றால் ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கு வீடு நானே கொடுத்துவிடுவேன்.

அக்காவின் பெயரை எழுத மாட்டேன். அந்தப் பெயரை இந்த நகரில் ஒருமுறை பெரிய எழுத்தில் அடித்து ஒட்டியாகிவிட்டது. அது போதும்.

அக்கா எங்கள் தெருவின் கடைசி வீடு. சொந்த வீடுதான். அவர் வீட்டுக்காரர் உயிரோடு இல்லை. மகளை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். ஆனால் தனியாக இருக்கிற மனுஷி மாதிரி ஒரு நாளும் இருந்ததில்லை. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டதோடு சரி, அப்புறம் வீடு பூட்டித்தான் கிடக்கும். அவர் யார் வீட்டிலாவது எதையாவது உரித்துக்கொண்டிருப்பார்.

ஆமாம், உரிப்பது. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். ஒன்றின் மேல் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கில் கடைச் சீட்டு, புது நாற்காலியின் காலில் சுற்றிய பிளாஸ்டிக், பள்ளிக்கூடப் பையில் காய்ந்துபோன சூயிங்கம், டவுன் பஸ் கண்ணாடியில் மூலம் பௌத்திரம் விளம்பரம், எதுவானாலும் விரல் போய்விடும். பேச்சு ஒரு பக்கம் நடக்கும், விரல் ஒரு பக்கம் வேலை செய்யும். திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரத்தில் இறங்குவதற்குள் அவர் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி மட்டும் பஸ் புதுசாக இருக்கும். தெருவில் சுரண்டியக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் தெரியும். "சொரண்டித்தானே எடுக்கறேன், சும்மாவா குடுக்கறாங்க பேரு" என்பார்.

நாங்கள் குடிவந்த அன்றைக்கே வந்துவிட்டார். சாமான்கள் பாதி வாசலில் கிடந்தன. யாரோ பெரிய மனுஷி வந்திருக்கிறாரே என்று நான் டீ போட உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால், புது ஃபிரிட்ஜின் நட்சத்திர ஸ்டிக்கர் தரையில் கிடக்கிறது. கைப்பிடியில் இருந்த மெல்லிசுத் தாளையும் அக்கா பாதி உரித்துவிட்டார்.

"இன்னாக்கா பண்றீங்க? கேரண்டி போயிடும்!"

"கேரண்டி தோலுலயாம்மே இருக்குது? உள்ள ஓடுது பாரு மோட்டாரு, அதுக்குத்தான் கேரண்டி. சக்கரைய கொஞ்சம் தூக்கலா போட்டியா?"

"யாரக் கேட்டு உரிச்சீங்க?"

"இதுகூடவும் சேந்து குடித்தனம் பண்ணலாம்னு இருந்தியா?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. நன்றாகத் திட்டினேன். அவர் எதையும் காதில் வாங்கவில்லை. டீயைக் குடித்தார், டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார், அடியில் இருந்த கடைச் சீட்டையும் நகம் படாமல் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "நாளைக்கு வர்றேன், பீரோவுல நெறைய இருக்குது" என்று போனார். அன்று முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். ராத்திரி பார்த்தால் அந்த ஃபிரிட்ஜ் அழகாகத்தான் இருந்தது.

இடுப்பில் ஒரு சுருக்குப் பை. வெற்றிலை பாக்கு எல்லாம் கிடையாது. பழைய வேட்டித் துணி, கொண்டை ஊசி, செத்துப்போன ஏ.டி.எம். கார்டு ஒன்று, கண் மருந்துக் குப்பியில் தேங்காய் எண்ணெய். பிளேடு மட்டும் இருக்காது. கொடுத்தாலும் வாங்க மாட்டார். "அது மொகத்துக்கு வெச்சிக்கோ" என்று என் வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

எனக்கும் அவருக்கும் ஒட்டிப்போனது கார்களால்தான். நம் நகருக்குள் நுழைந்ததும் பூங்காவுக்கு என்று விட்ட இடம் இருக்கிறதே, அங்கே பூங்கா வரவில்லை, போர்டு மட்டும் வந்தது. ஆனால் ஒரு பெரிய மாமரம் இருக்கிறது. மனை போடுவதற்கு முன்னால் அது தோப்பு. வெயிலுக்குப் பயந்து எல்லோரும் காரை அந்த நிழலில்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். என் கடைக்கு சீட் கவர் போட வருகிற கார்களும் அங்கேதான் நிற்கும். பங்குனி பிறந்தால் ஆரம்பிக்கும் வம்பு. காற்றில் பிஞ்சு உதிரும், காம்பிலிருந்து பால் தெறிக்கும். ஒடிந்த கிளையிலிருந்து பிசின் சொட்டும். மாம்பால் கையில் பட்டாலே புண்ணாகும். பெயின்ட் மேல் பட்டு ஒரு வெயில் காய்ந்தால் வார்னிஷ் அடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால் அசையாது. வாடிக்கையாளர் வந்து, "சீட்டுக்கு விட்டேன், மேல இன்னாம்மா இது அம்மை போட்டாப்ல?" என்று என்னைக் கேட்பார்.

ஒரு தடவை அப்படி ஒரு வெள்ளைக் காரை நான் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினேன். பின்னாலிருந்து கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"மொதல்ல நகத்த வெட்டும்மே. காரா இது, சொறி நாயா?"

அக்காதான். பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது. "சூடு மேல கை வெக்காத. தண்ணி ஊத்தி ஆற வுடு." ஆறியது. ஒவ்வொரு பொட்டின் மேலும் துணியால் எண்ணெய் ஒற்றினார். தேய்க்கவில்லை, ஒற்றினார். வீட்டில் தேங்காய் எண்ணெய் இல்லாவிட்டால் மல்லாட்டை எண்ணெய், கடலை எண்ணெய்தான், அது கூடப் போதும் என்றார். பிறகு நிழலில் உட்கார்ந்து, "எனக்கு ஒரு டீ சொல்லு" என்றார்.

"இன்னாக்கா, அவ்ளோதானா?"

"ஊற வேணாவா? உனுக்கு எல்லாமே ஜல்தி. டீ வர்றதுக்குள்ள அது எளகிடும்."

டீ குடித்த பிறகு துணியால் ஒரு வழி வழித்தார். பொட்டு கூடவே வந்துவிட்டது. இரண்டு மட்டும் அடம் பிடித்தன. அதற்கு மட்டும், கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமாகிக் கிடந்த சானிடைசரைத் துணி நுனியில் நனைத்து ஓர் ஒற்று ஒற்றித் துடைத்தார். உடனே சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார். இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, பத்துப் பேர் செய்கிறதுதான். என்னால் முடியாதது அந்த நடுவில் இருக்கிற டீதான். நான் இன்றைக்கும் அந்த டீக்குள் நாலு பேரிடம் சண்டை போட்டுவிடுவேன். அக்காவோ எண்ணெய் ஊறுகிற நேரத்தில் கார்க்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் ஊர், வேலை, பெண் எடுத்த இடம், சம்பந்தியின் சர்க்கரை வியாதி வரைக்கும் விசாரித்து முடித்திருப்பார். போகும்போது கார்க்காரர் காரைப் பார்க்க மாட்டார். "வர்றேன்க்கா, ஒடம்பப் பாத்துக்கங்க" என்று அக்காவிடம்தான் சொல்லிவிட்டுப் போவார்.

அவரும் தப்பு செய்திருக்கிறார். அதை மறைத்தால் இந்த எழுத்துக்கு மதிப்பில்லை.

வாடகைக் கார் ஓட்டுகிற தம்பி ஒருவன் நம் நகரில் இருக்கிறான். பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு வந்த குடும்பத்தை விழுப்புரத்தில் கொண்டுபோய் விட வேண்டும். காரில் பிசின். அக்கா எடுத்துக் கொடுத்தார். அவன் சவாரி ஏற்றிக்கொண்டு போனான். டோல்கேட்டில் கம்பி தூக்கவில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அமுக்குகிறான். இவன் இறங்கிப் பார்க்கிறான், கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக் சீட்டையே காணோம். சாயந்திரம் நேராக அக்கா வீட்டுக்கு வந்துவிட்டான்.

"யக்கா, கண்ணாடில ஒரு சீட்டு இருந்திச்சே?"

"கருப்புக் கோடு கோடா இருந்திச்சே, அதுவா? ஓரம் தூக்கிக்கினு இருந்திச்சிடா. அசிங்கமா இருந்திச்சி."

"அதுலதான்க்கா டோலுக்குப் போறதே! பேஜாரு பண்ணிட்டியே!"

"அவ்ளோ முக்கியமானத நல்லா ஒட்டிக்க வேணாவா நீ?"

சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உருண்டையாக உருட்டி வைத்திருந்தார். அவன் அந்த உருண்டையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அழுவானா அடிப்பானா என்று நாங்கள் பார்த்தோம். அக்கா ஒரு சொம்பு நிறைய அவித்த மல்லாட்டையை அவன் மடியில் கொட்டி, "துன்னுடா, புதுசு வாங்கலாம், நானும் வர்றேன் உன்கூட" என்றார். போகவும் போனார். வரிசையில் நின்று அவனுக்குப் புதிது வாங்கிக் கொடுத்து, அதை அவரே கண்ணாடியில் ஒட்டினார். வாழ்க்கையில் அவர் ஒட்டியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒட்டிவிட்டு நாலு மூலையையும் அமுக்கி அமுக்கிப் பார்த்தாராம்.

இந்தக் கதை நகர் முழுக்கப் பரவிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அக்கா காரைத் தொட்டால், "கண்ணாடிப் பக்கம் போவாதக்கா" என்று சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. அக்காவும் சேர்ந்து சிரிப்பார்.

திருவாமாத்தூருக்கு எங்கள் தெருப் பெண்கள் ஒரு வேன் பிடித்துப் போனோம். அம்மன் சன்னதியில் வட்டப்பாறை இருக்கிறது. அங்கே நின்று பொய் சத்தியம் செய்தால் அம்மன் சும்மா விட மாட்டாள் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பங்காளிச் சண்டை, வரப்புச் சண்டையெல்லாம் அங்கே வந்து முடிந்திருக்கிறது. நாங்கள் பயபக்தியாகக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அக்காவைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் மண்டபத்துத் தூண் ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். தூணில் ஒரு சின்னச் சிங்கம் செதுக்கியிருந்தது. வருகிறவர்கள் எல்லாம் கையில் மிஞ்சிய குங்குமத்தையும் விபூதியையும் அதன் முகத்தில் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு, அது எண்ணெய்ப் பிசுக்கோடு அடை மாதிரி ஏறிப்போயிருந்தது. அக்கா கொண்டை ஊசியைக் கழற்றிவிட்டார்.

குருக்கள் ஓடிவந்தார். "ஏம்மா, ஏம்மா! தூணை எதுக்குச் சுரண்டறேள்?"

"சாமி, இந்தச் சிங்கத்துக்கு மூக்கே இல்ல பாருங்க."

"கோயில்ல எதையும் தொடப்படாது. எழுந்திருங்கோ."

"மூக்கு வந்திடுச்சி சாமி. ஒரு கண்ணு மட்டும் எடுத்திடறேன். ஒத்தக் கண்ணோட வுட்டுட்டுப் போனா பாவம் இல்லியா?"

குருக்கள் கோபமாகத்தான் இருந்தார். ஆனால் அவரும் குனிந்து பார்த்துவிட்டார். நிஜமாகவே மூக்கு இருந்தது. "சீக்கிரம் எடுத்துட்டுப் போங்கோ" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வேனில் வரும்போது நாங்கள் எல்லோரும் அக்காவைக் கேலி செய்தே தீர்த்தோம்.

இப்போது உங்கள் காருக்கு வருகிறேன், சார்.

வருஷப் பிறப்புக்கு முதல் நாள் என்ன நடக்கும் என்று நம் நகரில் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் மாங்காய்ப் பச்சடி வைக்க வேண்டும். எல்லா வீட்டிலிருந்தும் தொரட்டியோடு அந்த ஒரே மரத்துக்கு வருவார்கள். அன்றைக்கு மட்டும் மாம்பால் மழை மாதிரி விழும். அதனால் அன்று யாரும் அங்கே கார் விட மாட்டோம். அந்த வருஷம் நீங்கள் புதுக் கார் எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கருநீலம். முகம் பார்க்கலாம். அக்கா காலையிலேயே உங்களிடம் சொன்னார். "சார், இன்னிக்கு அங்க வுடாதீங்க, மாங்கா பறிப்பாங்க." நீங்கள், "எனக்குத் தெரியாதாம்மா?" என்றீர்கள். அங்கேயே விட்டீர்கள்.

மத்தியானம் பானெட் முழுக்கப் பொட்டுப் பொட்டாகப் பால். மறுநாள் காலையில் காருக்கு மாலை போட்டுப் படைக்க வேண்டும் என்று நீங்கள் பதறிப்போய் அக்காவைத்தான் கூப்பிட்டீர்கள். அவர் வந்தார். தண்ணீர் விட்டு ஆறவைத்தார். எண்ணெய் ஒற்றினார். அந்த நேரம் பார்த்து, தெருவில் தண்ணீர் லாரி வந்துவிட்டது. "சார், ஊறட்டும். கை வெக்காதீங்க. ரெண்டு கொடம் புடிச்சிக்கினு வந்திடறேன்" என்று ஓடினார். இதை நான் காதால் கேட்டேன். நானும் குடத்தோடு அந்த லாரிக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

மரத்துக்கு எதிரிலேயே இருக்கிற உங்கள் வாசலில் விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் வீட்டிலும் அன்றைக்கு அதுதான் வேலை. புளியைக் கரைத்து, செங்கல்லை இடித்த தூளைத் தொட்டுக்கொண்டு, பித்தளையைத் தேய்த்துத் தங்கமாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பளபளப்பைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். உங்களுக்கும் வந்திருக்கிறது. குத்துவிளக்கில் இருக்கிற பிசுக்கு போகும்போது காரில் இருக்கிற பிசுக்கு போகாதா என்று நினைத்திருக்கிறீர்கள். நினைத்ததில் தப்பில்லை. நம் ஊரில் பாதிப் பேருக்கு அந்த யோசனை வரும்.

நாங்கள் குடத்தோடு திரும்பி வந்தபோது பானெட் வெளுத்துப்போயிருந்தது. வட்டம் வட்டமாக, தோசைக்கல்லில் மாவு தேய்த்த மாதிரி. முகம் தெரிந்த இடத்தில் புகைதான் தெரிந்தது. நீங்கள் கூட்டத்தின் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தீர்கள்.

"இன்னாத்தப் போட்டுத் தேச்ச நீ? இன்னாத்தப் போட்ட?"

கூப்பிட்டபோது 'வாங்கம்மா' என்றிருந்தீர்கள். இரண்டு குடம் பிடிப்பதற்குள் 'நீ' ஆகிவிட்டது.

"எண்ணெ சார். எண்ணெதான் தொட்டு வெச்சேன்."

"எண்ணெ வெச்சா இப்படி ஆவுமா? டோல் சீட்டையே உரிச்சவதானே நீ!"

அங்கேதான் எல்லோரும் தலையாட்டினார்கள். இத்தனை நாள் சிரித்த கதைக்கு அன்று வேறு வேலை வந்துவிட்டது. அக்காவின் கண் வேறு எங்கேயோ போய்விட்டது. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கிற இடுக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஊரே சுற்றி நின்று திட்டுகிறது, அந்த மனுஷி கொண்டை ஊசியைக் கழற்றி அதைப் போய் எடுக்கிறார். எடுத்ததை உங்கள் உள்ளங்கையில் வைத்தார். புளியங்கோது, கரைத்துப் பிழிந்த சக்கை. அதன் மேல் சிவப்புத் தூள்.

"இது ஒண்ணு மாட்டிக்கினு இருந்திச்சி சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். குத்திக் காட்டிச் சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. ஒட்டியிருந்தது, எடுத்தார்.

நீங்கள் அதைப் பார்த்தீர்கள். "மரத்துலேந்து விழுந்திருக்கும்" என்றீர்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. "மாமரத்துல புளி காய்க்குதா சார்?" என்று அந்த இடத்திலேயே கேட்டேன். சிரித்தார்கள். "உங்க நகத்துல செவப்பா இருக்குதே, அதுவும் மரத்துலேந்து விழுந்ததா?" என்றும் கேட்டேன். நீங்கள் கையை மூடிக்கொண்டீர்கள். சிரித்தவர்களில் ஒருத்தர்கூட அக்காவுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நாளைக்குத் தண்ணீர் இணைப்புக்கும் தெருவிளக்குக்கும் உங்களிடம்தானே வர வேண்டும்.

அப்போதுதான் அந்தப் பெரிய பேச்சைப் பேசினீர்கள். "திருவாமாத்தூர் வந்து வட்டப்பாறைல சத்தியம் பண்ணுவியா? தைரியம் இருந்தா வா!"

அக்கா உங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு டப்பாக் காருக்கு அம்மனக் கூப்பிடறதா? அவளுக்கு வேற வேலை இல்லியா சார்? நான் வர மாட்டேன்."

"பாத்தீங்களா! வர மாட்டாளாம்! பாத்தீங்களா!"

அதோடு முடிந்தது. சத்தியத்துக்கு வர மறுத்தவள் குற்றவாளி என்று ஆகிவிட்டது. காரை டப்பா என்று சொன்னது வேறு. அவர் உங்களுக்காகத்தான் மறுத்தார் என்று எனக்குப் படுகிறது. அவர் வருகிறேன் என்று சொல்லியிருந்தால் நீங்களும் வந்து அந்தப் பாறையில் நின்றிருக்க வேண்டும். நின்று என்ன சொல்லியிருப்பீர்கள்?

அடுத்த வாரம் மாமரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் டேங்க் தூணில் ஸ்டிக்கர் ஒட்டினீர்கள். தாள் இல்லை, ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்து அடித்த ஸ்டிக்கர். 'இவரைத் தங்கள் வாகனங்களைத் தொட அனுமதிக்க வேண்டாம். மீறினால் சங்கம் பொறுப்பாகாது.' கீழே அவர் பெயர், கதவு எண், தெரு. மற்றதெல்லாம் சிவப்பில், பெயர் மட்டும் கருப்பில், பெரிதாக.

நாங்கள் எல்லோரும் ஒன்றுக்காகக் காத்திருந்தோம். அக்கா அதை எப்போது உரிப்பார் என்று. அவசரத்தில் ஒட்டியதால் மேல் மூலையில் ஓரம் வேறு லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த ஓரத்தைப் பார்த்துவிட்டு அவரால் எப்படித் தாண்டிப் போக முடியும்? பால்காரர்கூட, "இன்னிக்கா நாளைக்காம்மா?" என்று என்னைக் கேட்டார்.

அவர் உரிக்கவில்லை. தினமும் அந்தத் தூணைத் தாண்டித்தான் கடைக்குப் போவார். தூண் கிட்டே வந்ததும் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வார். தாண்டியதும் வெளியே எடுப்பார். வேறு எதையும் உரிப்பதையும் விட்டுவிட்டார். என் வீட்டுக்கு வருவார், புது மிக்ஸி மேல் சீட்டு அப்படியே இருக்கும், பார்க்காத மாதிரி உட்கார்ந்திருப்பார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒரு நாள் நானே போய் அந்த ஸ்டிக்கரின் ஓரத்தைப் பிடித்தேன். அக்கா எங்கிருந்தோ ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுடும்மே."

"உன் பேருதான்க்கா அது! அசிங்கமா நிக்குது!"

"நீ உரிச்சாலும் நான் உரிச்சேன்னுதான் சொல்லுவாரு. 'செஞ்சவதான் உரிச்சா'ன்னு இன்னொண்ணு அடிப்பாரு. ஃபிளெக்ஸ் கடைக்காரன் பொழைக்கிறதுக்கா? ஒட்டுனவரே வந்து எடுக்கட்டும்."

நீங்கள் எடுக்கவில்லை. அந்த ஆடியில் அக்கா வீட்டைப் பூட்டிவிட்டு விழுப்புரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மகள் கூப்பிடுகிறாள், போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னார். மகள் அதற்கு முன்னாலும்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ரெக்சின் வாங்க விழுப்புரம் போனால் நான் அவரைப் பார்க்காமல் வர மாட்டேன். நல்லபடியாகத்தான் இருக்கிறார். விரல் திரும்பவும் வேலை செய்கிறது. போன தடவை நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ரெக்சின் சுருளில் இருந்த கம்பெனிச் சீட்டை எடுத்துவிட்டார். சம்பந்தி வீட்டு டி.வி.யில் உரித்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மருமகன் இப்போது எந்தப் புதுப் பொருள் வாங்கினாலும் முதலில் பில்லைப் பத்திரப்படுத்திவிட்டு அப்புறம்தான் அவரிடம் காட்டுகிறாராம். கிளம்பும்போது சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அது இன்னும் இருக்குதா?"

"இருக்குதுக்கா. மத்த எழுத்தெல்லாம் வெளுத்துப் போச்சி. உன் பேரு மட்டும் நிக்குது."

"ஓரம்?"

"இன்னும் கொஞ்சம் தூக்கிக்கினு இருக்குது."

"எந்தப் பக்கம்?"

"எடது பக்கம், மேல."

அவர் மடியில் இருந்த விரல்கள் அசைந்தன. "வெடுக்குனு இழுத்தா பசை தூணுலயே நின்னுடும்மே. சாருகிட்ட சொல்லு. எண்ணெ தடவி ஊற வெச்சி எடுக்கச் சொல்லு. அவரு அவசரக்காரரு."

"வருஷப் பொறப்புக்கு வாயேன்க்கா. மாங்கா நல்லா காய்ச்சிருக்குது."

"எடுத்துட்டாருன்னா ஒரு போன் போடு. அடுத்த பஸ்ஸுல ஏறிடறேன். எடுக்கலன்னா வுடு, இங்கயும் மாங்கா விக்கிறாங்க" என்றார். சொல்லிவிட்டு, எனக்காக வைத்திருந்த கேப்பை அடையைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். இங்கே பூட்டிக் கிடக்கிற வீட்டின் சாவி இன்னும் அவர் இடுப்பில்தான் தொங்குகிறது.

செயலாளர் சார், உங்கள் கார் எப்போதோ சரியாகிவிட்டது. விழுப்புரத்தில் கொடுத்துப் பாலிஷ் போட்டு, பழையபடி முகம் தெரிகிறது. இப்போது அதற்குச் சீட் கவர் போட்டதும் நான்தான். காருக்குப் போட்ட பாலிஷ் அந்த மனுஷியின் பெயருக்குக் கிடைக்கவில்லை. அவர் சொந்த வீட்டுக்கு வர உங்கள் ஒரு வார்த்தைக்குக் காத்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் இணைப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்த மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மலரை வருஷப் பிறப்பன்று மாமரத்தடியில் பந்தல் போட்டு வெளியிடப் போகிறீர்கள். மைக் இருக்கும், எல்லாக் குடும்பமும் வரும். நன்றியுரை நீங்கள்தான். திருவாமாத்தூர் வரைக்கும் உங்களை நான் இழுக்க மாட்டேன். அக்கா சொன்ன மாதிரி அம்மனுக்கு வேறு வேலை இருக்கிறது. அந்த மைக்கிலேயே, அத்தனை பேர் முன்னாலும், சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள்: விளக்குக்குக் கரைத்த புளியை அள்ளிக்கொண்டு போய் அந்த பானெட்டில் தேய்த்தது யார் கை?